குமிழி நின்ற பிறகு

எங்கள் சாயப் பட்டறைக்குப் பின்னால் இருபது அடி உயரத்தில் ஒரு டவர் நிற்கிறது. நீலப் பெயிண்ட் அடித்த இரும்பு உருளை. பட்டு நூலுக்குச் சாயம் போட்டு முடித்த தண்ணீர் அதற்குள் போகும். அடியிலிருந்து ப்ளோயர் காற்றை ஊதும், காற்று குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் ஏறும். அந்தக் காற்றை மூச்சாக இழுத்துக்கொண்டு நுண்ணுயிர்கள் தண்ணீரில் உள்ள சோப்பையும் கோந்தையும் தின்று தீர்க்கும். டவரைக் கட்டியது நான். அதை வைத்து நானும் என் அண்ணனும் அடித்துக்கொண்டதை ஆரணியில் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்திருக்கிறது.

அடித்துக்கொண்டது என்று நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வாய் ஓய்ந்தால் கைதான். அப்பா அண்ணனை அடித்து வளர்த்தார், அண்ணன் என்னை அடித்து வளர்ந்தான், நான் பத்து வயதிலேயே திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டேன். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, சென்னைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பத்து வருஷம் வேலை பார்த்தும் அந்தக் கை அடங்கவில்லை. கட்டியவரோடு ஒத்துவரவில்லை. அவர் மீது தோசைக்கல்லை வீசிய மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கே வந்துவிட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடி அறையைக் காலி செய்து கொடுத்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் சாய மாஸ்டர். மூக்குதான் அவனுக்கு எல்லாம். கொதிக்கிற தொட்டிக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஆவியை ஒரு இழுப்பு இழுப்பான். "ஆசிட் கம்மி, இன்னும் அரை டம்ளர் ஊத்து" என்பான். நான் மீட்டரை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். தொட்டியில் தொங்கும் நூல் சிட்டங்களை விடாமல் புரட்ட வேண்டும், தண்ணீர் தளதளவென்று இருக்க வேண்டும், இல்லையென்றால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். முப்பது வருஷமாக அவன் கண்டது அது. கொதித்தால் கலக்கும், கலந்தால் சரியாகும். அவனுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அந்த விஞ்ஞானத்தை அவன் என் டவருக்கும் கொண்டுவந்தான்.

டவரின் அடியில் வளையமாக ஒரு குழாய் கிடக்கிறது. அதில் ஊசி நுழையும் அளவில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள். காற்று அதன் வழியாகத்தான் தண்ணீருக்குள் வரும். ஓட்டை சிறிதாக இருந்தால் குமிழி கடுகு கடுகாக வரும், மெதுவாக ஏறும், மேலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி இருக்கும். கொதிப்பு தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியது. காற்றிலிருந்து தண்ணீருக்கு மூச்சு போவது குமிழியின் தோல் வழியாக. ஒரு கைப்பிடிக் காற்றை ஒரே குமிழியாக விட்டால் கொஞ்சம் தோல், கடுகுகளாக விட்டால் ஏக்கர் கணக்கில் தோல். இதை அண்ணனுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டான்.

"இன்னா இது, செத்த பாம்பு மாதிரி படுத்துகினு கீது?" என்பான் தண்ணீரைப் பார்த்து.

நான் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வந்தவாசி போனேன். திரும்பி வரும்போது டவர் உச்சியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் அளவுக் குமிழிகள் நடுவில் பொங்கி வெடித்து, மூடியாகப் போட்டிருந்த தகரக் கூரையின் உள்பக்கத்தில் பளார் பளாரென்று அடித்தன. தண்ணீரை இறக்கிவிட்டு, வளையத்தை வெளியே எடுத்து, டிரில் மெஷினால் ஒவ்வொரு ஓட்டையையும் பென்சில் நுழைகிற அளவுக்குப் பெரிதாக்கியிருந்தான் அண்ணன். எனக்காக ஏணி அடியில் காத்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? இப்பதான் உசுரு வந்திருக்குது."

எனக்குத் தலைகால் தெரியாத கோபம் வந்தது. சுவரோரம் கிடந்த டிரில் மெஷினை எடுத்துக் கல்தரையில் அடித்தேன். அது இரண்டாகப் போனது. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நான் மற்றக் கையால் சிட்டம் புரட்டும் கம்பை எடுத்து அவன் முதுகில் இரண்டு போட்டேன். அண்ணி வந்து நடுவில் நின்றாள். அவளுக்கும் தோளில் ஒன்று விழுந்தது. அவனுக்கு விழுந்ததற்காக நான் வருத்தப்படவில்லை. அண்ணிக்கு விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தது என் தப்பு" என்றாள்.

அண்ணன் செய்தது வெறும் முட்டாள்தனம் என்றால் நான் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன். ஆபத்தும் இருந்தது. ஓட்டைகள் சின்னதாக இருக்கும்வரை காற்று வளையம் முழுக்கச் சமமாகப் பிதுங்கி வரும். பெரிதாக்கிவிட்டால் அது சுலபமான வழியைப் பார்த்துக்கொள்ளும். குழாய் நுழைகிற பக்கத்து நாலைந்து ஓட்டைகளிலேயே எல்லாக் காற்றும் ஓடிவிடும். எதிர்ப்பக்கம் செத்துக் கிடக்கும். அங்கே கசடு சேரும், அழுகும். பட்டின் கோந்து முட்டை, இறைச்சி மாதிரியான சரக்கு. சாயத் தொட்டியில் போடும் உப்பில் கந்தகம் இருக்கிறது. இரண்டும் மூச்சில்லாமல் ஒன்றாக அழுகினால் என்ன விஷவாயு வரும் என்று மருந்துத் தொழிற்சாலையில் ஒரு முழு நாள் எங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

ஒரு காரியம் செய்தேன். பட்டறையில் இருந்து ராணி கலர் சாயம் ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் கரைத்து, டவர் உச்சியில் கொட்டினேன். டவரின் பக்கவாட்டில் மூன்று உயரங்களில் மூன்று குழாய்கள் இருந்தன. தண்ணீர் எவ்வளவு நேரத்தில் கலக்கிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. மேல் குழாயில் பத்து வினாடியில் ராணி கலர் வந்தது. நடுக் குழாயில் அரை நிமிஷம் ஆகவில்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். நான் அடிக் குழாயைத் திறந்தேன். அது செத்த பக்கத்துக் குழாய். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். என் வாட்ச்சில் பன்னிரண்டு நிமிஷம் ஆகியும் கலர் வரவில்லை. கறுப்பாக, கூழாக ஒழுகியது. அழுகிய முட்டை நாற்றம்.

"சோப்புத் தண்ணி நாத்தம்" என்றான் அண்ணன். குழாயைத் தானே மூடினான். "மேல கொதிக்குது பாரு. கண்ணு இருக்குதுல்ல உனக்கு?"

பழைய வளையத்தைப் போலப் புதிதாக ஒன்று செய்யச் சொல்லி லேத்துப் பட்டறையில் கொடுத்தேன். அது வருவதற்குள் ப்ளோயர் மோட்டார் எரிந்துபோனது. புதுக் காயில் சுற்றித் தரச் சொல்லிக் கொடுத்தோம். ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் பட்டறையை நிறுத்தலாம் என்று நான் சொன்னேன். முகூர்த்த மாதம், தறிக்காரர்கள் நூலுக்கு நிற்கிறார்கள், எப்படி நிறுத்துவது என்று அவன் கேட்டான். தண்ணீர் டவருக்குள் போய்க்கொண்டே இருந்தது. காற்று மட்டும் இல்லை.

ஐந்தாம் நாள் மாலை சண்டை வந்தது. மோட்டார் காலையில் வந்துவிடும் என்று போன் வந்திருந்தது. நான் ஒன்றுதான் கேட்டேன். தண்ணீரை டேங்கர் வைத்து உறிஞ்சி எடுக்கும்வரை ப்ளோயரைப் போடாதே. அடியில் தேங்கியிருக்கிற வாயு இப்போது தண்ணீருக்குள் கரைந்து சும்மா கிடக்கிறது. முழுக் காற்றைத் திறந்தால் குமிழிகள் அதை அப்படியே அள்ளிக்கொண்டு மேலே வந்து கொட்டும். காற்று தண்ணீருக்குள் போவதைப் போலவே விஷம் தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும், அதே தோல் வழியாக.

"உனக்கு எல்லாத்துலயும் சாவுதான் தெரியும்" என்றான். "புருஷன் வீட்லயும் இப்படித்தான் பேஜார் பண்ணிட்டு வந்தே."

நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவனுடைய குழந்தையில்லாத குறையைப் பற்றியது. அண்ணி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. அண்ணன் அறைந்தான். புறங்கை. வலதுபக்கக் கீழ்ப்பல் ஒன்று ஆடிவிட்டது. வாயில் ரத்தம். நான் திருப்பி அடிக்கவில்லை. சொன்ன வார்த்தை எனக்கே கூசியது. மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இரவு முழுக்க அந்தப் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

காலையில் ப்ளோயர் சத்தம் கேட்டு எழுந்தேன். முழு வேகச் சத்தம். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

அண்ணன் டவர் உச்சியில், இரும்பு மேடை மேல் நின்றுகொண்டிருந்தான். தகரக் கூரையில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, சாயத் தொட்டிக்குச் செய்வது போலவே, முகத்தை உள்ளே கொண்டுபோயிருந்தான். முற்றம் வரைக்கும் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பட்டறையில் வேலை செய்யும் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே நின்றார்கள்.

"அண்ணா, எறங்குண்ணா! ஜல்தி எறங்கு!"

அவன் தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தான். ஜெயித்துவிட்ட முகம்.

"மொதல்ல முட்ட நாத்தம் அடிச்சுது. இப்போ சுத்தமா இல்ல. பாத்தியா? காத்து குடுத்தா எல்லாம் போயிடுது."

கீழே எங்களுக்கு அடிக்கிற நாற்றம் மேலே அவனுக்கு அடிக்கவில்லை. அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் போகாது, மூக்குதான் போகும். முப்பது வருஷமாக அவனை ஏமாற்றாத மூக்கு. நான் கத்துவதற்குள் அவன் இன்னொரு முறை குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. கதவின் விளிம்பில் மார்பு, தலை உள்ளே, கால்கள் மேடையில். துணி காயப்போட்ட மாதிரி தொங்கினான்.

ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். கண் தானாக வாட்ச்சுக்குப் போனது. டவரின் எந்த வேலைக்கும் நேரம் பார்ப்பது என் பழக்கம். ஏணியின் பக்கத்தில் நானே என் கையால் எழுதி மாட்டிய போர்டு இருந்தது. "ப்ளோயரை நிறுத்தி இரண்டு நிமிடம் கழித்தே மேலே ஏறவும்."

வேலைக்காரர்களில் ஒருவர் அதற்குள் ஏணியில் மூன்று படி ஏறிவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டேன். எழுந்து மறுபடி ஏறப்போனார். சுவரில் சாய்த்திருந்த இரும்புக் குழாயை எடுத்து முழங்காலில் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மேலே போயிருந்தால் அவரும் அண்ணன் மேலேயே விழுந்திருப்பார். அவரைத் தூக்க அடுத்தவர் போயிருப்பார். இப்படித்தான் ஒரு குழிக்குள் நாலு பேர் சாகிறார்கள்.

அப்போது அண்ணி வந்தாள். மேலே பார்த்தாள். ஏணியைப் பிடித்தாள். நான் குறுக்கே நின்றேன்.

"உடு என்னை! அவர் செத்துக்கினு கீறாருடி!"

"இப்போ போனா நீங்களும் போயிடுவீங்க அண்ணி. ரெண்டு நிமிஷம்."

அவள் என் முன்கையைக் கடித்தாள். சதைக்குள் பல் இறங்கியது. நான் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். மறுபடி வந்தாள். மறுபடி தள்ளினேன். மூன்றாம் முறை குழாயை அவள் முகத்துக்கு நேராக ஓங்கினேன். அடித்திருப்பேன். அது அவளுக்கும் தெரிந்தது. தரையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த வேலைக்காரர் அசையாமல் நின்றார்.

டவருக்குள் கொதிப்பு குறைந்தது. கடைசிக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. காற்று கிழக்கேயிருந்து நன்றாக வீசியது, பக்கத்து அரிசி மில்லின் உமித்தூசி பறந்துகொண்டிருந்தது. வாட்ச்சைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

நான் நின்றேன்.

கையில் குழாய் இருந்தது. மேலே அண்ணனின் கால்கள் தெரிந்தன. ஒரு செருப்பு கழன்று மேடையில் கிடந்தது. என் நாக்கு அந்தப் பல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது. ரத்தத்தின் ருசி. இன்னும் கொஞ்சம் போகட்டும், பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு குழாயைப் போட்டுவிட்டு மூச்சை அடக்கி ஏறினேன். அசையாமல் நின்ற வேலைக்காரர் பின்னால் வந்தார். அண்ணனின் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தோம். முகம் ஈயம் போல இருந்தது. மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

பிழைத்தான். வேலூரில் ஒன்பது நாள் மிஷினோடு கிடந்து பிழைத்தான். மூக்கு மட்டும் திரும்பவில்லை. மல்லிப்பூவும் தெரியாது, பினாயிலும் தெரியாது. இடது கை நடுங்குகிறது, டம்ளர் பிடித்தால் பாதி காபி தட்டில். டாக்டர் அறைக்கு வெளியே என்னிடம், "இன்னும் கொஞ்சம் முன்னாடி எறக்கியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார். அண்ணி வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம்" என்றேன். போலீஸிடமும் இரண்டு. ஆய்வுக்கு வந்தவர்களிடமும் இரண்டு. எல்லோரும் போர்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

அண்ணி மட்டும் ஆட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, "சத்தம் நின்னப்புறமும் இவ அந்த இரும்புக் கொழாயை வெச்சிகினு நின்னா. நான் பாத்துகினு இருந்தேன்" என்றாள். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பயத்தில் இருந்தவளுக்கு நேரம் நீளமாகத் தெரியும் என்றார்கள். முழங்கால் உடைந்தவர் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க அடிக்கலன்னா என் பிள்ளைங்க அநாதைங்க." சாயப் பட்டறைக்காரர்கள் கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். என் முன்கையில் அண்ணியின் பல் தடம் ஆறியும் ஆறாமலும் இருந்தது. சால்வையை இழுத்து அதன் மேல் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் வீடு திரும்பி மூன்று மாதம் கழித்து டவரைச் சுத்தம் செய்து புது வளையத்தைப் போட்டோம். ஊசி நுழையும் ஓட்டைகள். ப்ளோயர் ஓடியதும் மேலே பால் கலந்த மாதிரி தண்ணீர் அமைதியாக இருந்தது. அண்ணன் சாயத் தொட்டிப் பக்கம் இப்போது போவதில்லை. அன்றைக்கு அவனாகவே வந்தான்.

"கலர் ஊத்திப் பாக்கலையா?" என்றான்.

நான் மேலே ஏறி ராணி கலரை ஊற்றினேன். இறங்கி வந்தபோது அவன் அடிக் குழாயின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வலது கையால் திறந்து, நடுங்குகிற இடது கையில் கண்ணாடி டம்ளரைப் பிடித்திருந்தான். டம்ளர் குழாயில் பட்டு டகடகவென்று ஆடியது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன். தரவில்லை. தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பிறகு லேசாக ஒரு நிறம், அடுத்த நொடி டம்ளர் முழுக்க ராணி கலர்.

"எவ்ளோ?" என்றான்.

"ஒரு நிமிஷம் பத்து செகண்ட்."

அவன் டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோய், நினைவு வந்து, இறக்கிக்கொண்டான்.

"அன்னிக்கி எவ்ளோ?"

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நிற்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி ஜன்னலில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றேன்.

அண்ணன் ஏணியில் தொங்கிய போர்டைப் பார்த்தான். பிறகு என் வாயைப் பார்த்தான். அந்தப் பல் இருந்த இடத்தை. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே நான் அதைப் பிடுங்கிவிட்டிருந்தேன்.

"கோவமா?"

"ஆமாண்ணா."

டம்ளரில் இருந்ததைத் தரையில் கொட்டினான். குழாயை மூடினான். எழுந்திருக்க முடியாமல் கையை நீட்டினான். நான் தூக்கிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் மூச்சு வாங்கினான். பிறகு ஜன்னல் பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட ரெண்டுன்னே இருக்கட்டும்" என்றான்.